பன்றிகளுக்கு நடுவே ஒரு அப்பா

அன்பு மகளுக்கு,

இன்று தேவாலய ஞாயிறு வகுப்பில், வீட்டை விட்டுப் போய்ப் பன்றி மேய்த்து, திரும்பி வந்தபோது அப்பா மன்னித்து ஏற்றுக்கொண்ட கெட்ட குமாரன் கதையைச் சொன்னேன். கதைப் படங்களைத் துணி போர்த்திய பலகையில் ஒட்டுவது பிள்ளைகள் வேலை. திரும்பிப் பார்த்தால், அப்பாவின் படம் வீட்டு வாசலில் இல்லை; பன்றிகளுக்கு நடுவே, மகன் பக்கத்தில் இருக்கிறது.

"அவர் வாசல்லதானே காத்திருக்கணும்?" என்றேன்.

ஒட்டிய சிறுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போன வாரம் ஆடு காணாமப் போனப்ப மேய்ப்பர் தேடிப் போனாருன்னு சொன்னீங்க. இவன் புள்ளையாச்சே சார்?"

நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து வாசல் விளக்கை நான் அணைத்ததே இல்லை. அதையே பெரிய மன்னிப்பு என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

அப்பா