அக்கா எழுதிய நானூறு

மார்ச் 3
அக்கா பொய் எழுதுகிறாள். எங்கள் ஆலையின் விஷ ஆவியை எரிக்கும் உலையின் சூடு மணிக்கு மணி 400 டிகிரியாம். ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஏட்டை நிரப்பிவிடுகிறாள். இன்று பதினொன்று முதல் பன்னிரண்டு வரை கரண்டே இல்லை. உலை அணைந்து கிடந்தது. ஏட்டில் அந்த மணிக்கு 401. அந்த ஒன்று வேறு!

மார்ச் 4
சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"ஒரே நம்பரா எழுதினா சந்தேகம் வராதாடி? அதான் ஒண்ணு கூட்டி, ஒண்ணு குறைச்சு..." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

நிஜத்தில் எவ்வளவு?

"முந்நூறு. மேல ஏத்தினா கேஸ் செலவுன்னு மேனேஜர் கத்துவாரு. அதான் உள்ள வினையூக்கி இருக்கே, கம்மி சூட்டுலயும் எரிய வைக்கும், அது பாத்துக்கும்."

தன் டப்பாவிலிருந்த முட்டையை என் தட்டில் தள்ளினாள்.

மார்ச் 5
வினையூக்கி என்ன அவள் மாமியாரா, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள?

மார்ச் 9
புகைபோக்கிக் காற்றை என் ஆய்வகத்தில் சோதித்தேன். இரும்புச் சாமான் கழுவும் கூடத்திலிருந்து வரும் குளோரின் கலந்த கரைப்பானின் ஆவி பாதிகூட எரியவில்லை. அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் வேறு உண்டாகும். அது இன்னும் கொடிய விஷம். காற்று அடிக்கும் பக்கம் எங்கள் வீடுகள். மேனேஜர் வீடு எதிர்ப்பக்கம். தற்செயலாம்!

அக்காவிடம் தாளைக் காட்டினேன். "எம் பாப்பா மொட்டை மாடியிலதானடி விளையாடுது," என்றாள்.

மார்ச் 10
மேலே புகார் கொடுத்தால் முதலில் சிக்குவது அவள். கொடுக்காவிட்டால் நானும் பொய்க்காரி. என்ன செய்வது?

மார்ச் 11
இன்றைய ஏடு: 298. 303. 296. ஒவ்வொன்றும் அந்தந்த மணிக்கே எழுதியது. பழைய பக்கங்களின் குறுக்கே, "மீட்டரைப் பார்க்காமல் எழுதியவை" என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். லூசு!

"வேலை போயிடும்க்கா."

"எழுதினது நான். உனக்கென்ன? போய் உன் குப்பியக் கழுவு."

கழுவினேன். கண்ணையும்.

மார்ச் 16
அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். உலைக்குப் புது ஆள், புது ஏடு. சூடு அதே முந்நூறு.

மார்ச் 20
இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். நான்தான் பேசுவதாக ஏற்பாடு. வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

"சார், நானூறுக்கு ஏத்துங்க. இல்லன்னா உலையோட சேத்து கழுவுற கூடத்தையும் நிறுத்துங்க. எப்போ?"

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்போ சார்?"