பெயரில்லாத மலைக்குப் போட்ட கையெழுத்து

அனுப்புநர்
சு. சரிதா,
க/பெ சுரேந்திரன்,
எண் 7, மேல் லைன் வீடுகள்,
மஞ்சூர் அருகில், குந்தா வட்டம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: இமயமலைப் பயணக் குழு ஒன்று விவரம் சொல்லாமல் என்னிடம் பெற்ற கையெழுத்தை ரத்து செய்து, படிவத்தை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பதினாறு வருடமாக எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். என் கணவர், மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களில் கயிற்றில் தொங்கியபடி துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் லைனில் எனக்குச் சந்தேகக்காரி என்று பெயர் உண்டு. அதை மறைக்காமல் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. கடந்த டிசம்பரில் கோவையைச் சேர்ந்த கமலேஷ் என்பவர் காரை நிறுத்தி, என் கணவர் குழாயிலிருந்து இறங்கும்வரை காத்திருந்து கைகுலுக்கி, தான் நடத்தும் இமயமலைப் பயணக் குழுவில் சேரும்படி அழைத்தார். அன்றே எனக்கு உறுத்தியது. இத்தனை வருடத்தில் அந்தச் சாலையில் போன யாரும் அவருக்காக வண்டியை நிறுத்தியதில்லை.

2. அதன்பின் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுத் தரையில் வரைபடம் விரிக்கப்பட்டது. போகும் மலை ஆறாயிரத்து நானூறு மீட்டர் உயரமாம். அதற்குப் பெயர் கிடையாது, வரைபடத்தில் ஓர் எண் மட்டுமே. எங்கள் எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைக் காட்டுக்கும் எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. இதைக் கேட்டதற்குக் கமலேஷ், “பேரே இல்லாததுதானுங்க அக்கா விசேஷம், இன்னும் யாருமே அது மேல நிக்கலைங்க” என்றார். யாரும் நிற்காத இடத்தில் என் கணவர் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

3. இருபத்தாறு நாள், மூன்று முகாம், அறுநூறு மீட்டர் கயிறு, கடைசி நாளில் செங்குத்தான பனிச்சுவர் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். என் கணவர் கண்ட பனியெல்லாம் சனவரியில் இங்கே புல்லில் படியும் உறைபனிதான். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்ய எட்டு மாதமாக நேரமில்லாதவர், முதுகில் மணல் மூட்டையுடன் மஞ்சூர் மேட்டில் தினமும் ஏறி இறங்குகிறார். நான் வாய் திறந்தால், “சும்மா சந்தேகப்படாத புள்ள” என்று சிரிக்கிறார்.

4. கடந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி மாலை, கொழுந்து எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் மயில்சாமி, எடைப் புத்தகத்தோடு ஆங்கிலத்தாள் ஒன்றையும் நீட்டினார். “உங்க ஊட்டுக்காரரு குடுத்துவுட்டாருங்க, அவரு லீவுக்கு உங்க கையெழுத்தும் வேணுமாமுங்க” என்றார். எடை போடும் இடத்தில் நீட்டியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்வதே எங்கள் வழக்கம். பின்னால் நாற்பது பேர் மூட்டையுடன் நிற்கும்போது யாரும் நின்று படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

5. சென்ற வாரம் கணவரின் பையில் கிழிந்த வாரைத் தைக்கும்போது அத்தாளின் நகல் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த என் மகள் ஜீவிதா வாசித்துப் பொருள் சொன்னாள். பாதியில் குரலை நிறுத்திக்கொண்டு மீதியைக் கண்ணால் மட்டும் படித்தாள். அது லீவு படிவம் அல்ல. மலையில் இறந்துபோனால் உடலை என்ன செய்வது என்று கேட்கும் படிவம். கீழே கொண்டுவர வேண்டும் என்று ஒரு கட்டம், அங்கேயே விட்டுவிடலாம் என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் டிக் இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

6. டிக் போட்டது கமலேஷ்தான் என்று அவர்மீது புகார் எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் பொய் எழுத மனம் வரவில்லை. அந்த டிக்கின் அடியில் ஒரு புள்ளி இருந்தது. என் கணவர் குழாயில் ஓர் இணைப்பைப் பார்த்து முடித்ததும் சாக்பீஸால் டிக் போட்டு அடியில் புள்ளி வைப்பார். இந்த இடம் முடிந்தது, இதற்காக இனி யாரும் ஏறி வர வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அவருடன் வேலை செய்யும் எல்லோருக்கும் இது தெரியும். நான் சந்தேகப்பட்டது தவறான ஆளை.

7. ஆயினும் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவருடன் வேலை செய்த இசக்கிமுத்து விறகுக்குப் போன இடத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்தார். மழையில் யாரும் இறங்கத் துணியவில்லை. என் கணவர்தான் கயிறு கட்டி இறங்கி, அவரை முதுகில் சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்தார். அன்று வீட்டுக்கு வந்து, “அவங்கம்மா மூஞ்சியப் பாக்கோணுமில்ல” என்றார். அடுத்தவருடைய தாய்க்கு இருக்கும் உரிமை தன் மனைவிக்கும் மகளுக்கும் இல்லை என்று இவர் எப்படி முடிவு செய்தார்?

பயணத்தைத் தடுக்கும்படி நான் கேட்கவில்லை. தடுத்தால் அவர் வீட்டில் இருப்பார், ஆனால் மனம் அந்த எண்ணிட்ட மலையில்தான் இருக்கும். வரும் ஜூன் ஒன்பதாம் தேதி அவர்கள் புறப்படுவதற்குள், நான் அறியாமல் போட்ட கையெழுத்து செல்லாது என அறிவிக்கவும், விபத்து நேர்ந்தால் கீழே கொண்டுவர என்ன ஏற்பாடு என்று கமலேஷிடம் எழுத்தில் வாங்கவும், என் கணவரைத் தங்கள் முன் அழைத்து மேற்படி ஏழாம் பத்தியின் கேள்வியைக் கேட்கவும் வேண்டுகிறேன். வீட்டில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவார். அலுவலகத்தில் அதிகாரி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழைய படிவத்தின் நகலுடன், அதைப் பார்த்து எழுதிய புதிய படிவம் ஒன்றும் இணைத்துள்ளேன். ஜீவிதா வரி வரியாகச் சொல்ல, இம்முறை முழுவதும் கேட்டறிந்தே கையெழுத்திட்டுள்ளேன். கீழே கொண்டுவர வேண்டும் என்ற கட்டத்தில் நானே டிக் போட்டிருக்கிறேன். புள்ளி வைக்கவில்லை. அவர் நடந்து திரும்பி வந்து தன் கையால் வைக்கட்டும்.

இடம்: மஞ்சூர்
நாள்: 12.05.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சு. சரிதா