டீச்சரம்மாவின் கட்டைவிரல்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தையல் மெஷின் பழுது பார்ப்பவர்களின் இணையக் குழுவில் நீங்கள் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ‘ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறேன், உதவுங்கள் ஐயா’ என்று எழுதியிருந்தீர்கள். மெக்கானிக் நான் உருகிப்போனேன்.

மூன்றாம் நாள் அனுப்பிய படத்தில் மெஷினோடு உங்கள் கட்டைவிரலும் விழுந்திருந்தது. அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா, தம்பி? உன் ஏழு வயதில் அந்த விரல்மேல் சுத்தியலைப் போட்டவனே நான்தானே! நான் சிரித்த சிரிப்பில் உன் அண்ணி கடைக்குள் ஓடிவந்து, “என்னங்க, பைத்தியம் பிடிச்சிருச்சா?” என்றாள்.

உன் கல்யாணத்தில் நான் கொட்டிய ஒரு சுடுசொல்லுக்காக நாலு வருடம் முகம் கொடுக்காதவன், புடவை கட்டிக்கொண்டாவது வந்து பேசுகிறானே! சொன்னால் ஓடிவிடுவாய் என்று மூச்சு விடவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. நீ அனுப்பிய வீடியோவில் இரண்டாம் வாரமே மெஷின் குதிரை மாதிரி ஓடியது. “இன்னொரு தடவை கழட்டி மாட்டுங்க டீச்சர்” என்று விடாமல் சொன்னதெல்லாம், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்றுதான்.

இனி கழற்ற ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாடா. மெஷினைத் தூக்கிவர வேண்டாம். அந்தக் கட்டைவிரல் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் மெக்கானிக் ஐயா