காமாலைக்குச் சுட்டது

6.8.90, திங்கள்

ஆடிக் காற்று. பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்கூலுக்கு நடப்பதற்குள் வாயெல்லாம் புழுதி.

வாங்க வேண்டியது: ஊதா நூல்கண்டு, கொக்கி ஒரு அட்டை, நாடா, வீட்டுக்குப் புளி. பலசரக்குக் கடைக்காரன் பெண்டாட்டி புளிக்கு அலைகிறேன். யாரிடமும் சொல்லக்கூடாது.

ஆகஸ்டு 15 கும்மிக்கு எட்டுப் பிள்ளைகள். எல்லாருக்கும் பாவாடை அளவெடுத்தாயிற்று. நாலாம் வகுப்பு செல்வி மட்டும் வர மாட்டேன் என்றாள். பருத்தி மண்டிக்காரர் மகள். கூச்சம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். டேப்பை வைத்ததும் பல்லைக் கடித்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன்.

இரண்டு தொடையிலும் பின்பக்கம் சூடு. வரிசையாக. பழையது கறுத்துக் கிடக்கிறது, புதியது நீர் கோத்து நிற்கிறது. எல்லாம் கரண்டிக் காம்பு அகலம்.

யார் என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை. பெற்றவள் போய்ச் சேர்ந்து வருசம் மூன்று ஆகிறது. சித்தி வந்தது போன தையில். இதைக் கண்டுபிடிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்?

ஹெ.எம்.மிடம் சொன்னேன். பதறாதீங்க டீச்சர், நாளைக்கு அந்தம்மாவை வரச் சொல்லிக் கேட்போம் என்றார்.

7.8.90, செவ்வாய்

சித்திக்காரி வந்தாள். வந்ததும் நாற்காலி, காபி. ஸ்கூல் தண்ணீர்த் தொட்டி அவர்கள் வீட்டு உபயம், தொட்டியில் பெயர்கூட எழுதியிருக்கிறது. ஹெ.எம். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார், பருத்தி விலையைப் பற்றிப் பேசினார். அப்புறம் செல்வியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டாரே ஒரு கேள்வி:

"என்ன பாப்பா, காமாலைக்குச் சுட்டதா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சித்திக்காரியிடம் அதுவரை பொய் ஒன்றும் தயாராக இல்லை. முகத்திலேயே தெரிந்தது, முழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஹெ.எம். சொன்னதும் உயிர் வந்துவிட்டது. ஆமாங்க, கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துப் போச்சு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் வந்தாரு என்று ஆரம்பித்துவிட்டாள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை.

இந்தச் சீமையில் காமாலைக்குச் சுடாத ஆள் யார்? என் இடது கையிலேயே இருக்கிறது, காசு அளவு. கையில் சுடுவார்கள், ஒரு தரம் சுடுவார்கள். தொடையில் வரிசை போட்டு எந்த வைத்தியன் சுடுவான்?

அவள் போன பிறகு சண்டை போட்டேன். ஹெ.எம். சொன்ன பதில்: நாசூக்காக் கேட்டேன் டீச்சர், பெரிய இடத்துப் பொம்பளைகிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கிறது. நாசூக்காம். காம்பைக் காய வைக்கிறவளுக்கு அது இருந்ததா?

கொக்கி வாங்க மறந்தேன்.

8.8.90, புதன்

மத்தியானம் செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புண்ணுக்கு மருந்து போட என்று ஹெ.எம்.மிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். டாக்டர் சின்ன வயசு, இந்த ஊருக்குப் புதுசு. சரி, இவராவது கேட்பார் என்று ஒரு நம்பிக்கை. கேட்டார். எதனால சுட்டாங்க என்று கேட்டார்.

"காமாலைக்கு சார்."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். நேற்றுதான் கற்றுக்கொடுத்திருக்கிறோமே, ஹெ.எம். ரூமில் வைத்து. டாக்டர் என்னைத்தான் திட்டினார். படிச்ச டீச்சர் நீங்க, இந்த நாட்டு வைத்தியத்தையெல்லாம் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று. சார், இது வைத்தியம் இல்லை என்றேன். பிள்ளையே சொல்லுதே என்றார். சீட்டிலும் அதையே எழுதிவிட்டார். களிம்பு கொடுத்தார்.

திரும்பி வரும்போது செல்வி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஸ்கூல் வாசலில் விட்டுவிட்டாள்.

9.8.90, வியாழன்

தலைவலி. ஆனாலும் ஸ்கூல் விட்டு நேரே ஸ்டேஷன். எஸ்.ஐ. மரியாதையாக உட்காரச் சொன்னார். எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டித் தன் கையைக் காட்டினார். அவருக்கும் இருக்கிறது, காமாலைச் சூடு. எங்க ஆத்தா சுட்டதுதான் டீச்சர், அதுக்காக எங்க ஆத்தாவ உள்ள தூக்கிப் போடவா என்று சிரித்தார். ரைட்டரும் சிரித்தார். அவர் பங்குக்கு அவரும் காட்டினார்.

வேலிக்கு ஓணான் சாட்சி. ஹெ.எம்.முக்கு டாக்டர் சீட்டு சாட்சி, டாக்டருக்குப் பிள்ளை சாட்சி, பிள்ளைக்கு ஹெ.எம். சாட்சி.

அப்புறம் எஸ்.ஐ. கேட்டது:

"பெத்த தகப்பன் உசுரோட இருக்காரு. அவரு புகார் குடுக்கல. நீங்க அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?"

டீச்சர் என்றேன். என்ன டீச்சர் என்றார். தையல் டீச்சர் என்றதும் ரைட்டர் மறுபடி சிரித்தார். நாசமாய்ப் போக.

11.8.90, சனி

வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வக்கீல் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அருப்புக்கோட்டை பஜாரில் பாதிப் பேர் அந்த மண்டிக்காரருக்கு வேண்டியவர்கள், நம் கடைக்கு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள் என்று வழியெல்லாம் புலம்பல்.

வக்கீல் புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். சட்டம் இருக்கிறதாம்! நம் மாநிலத்துக்கென்று குழந்தைகள் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டாம். இப்போது நாட்டுக்கே பொதுவாகப் புதுசு வந்திருக்கிறதாம். வளர்க்கிறவர்கள் கொடுமைப்படுத்தினால் ஜெயிலாம். பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு வாரியமாம். நம் பக்கம் வாரியம் போடவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டே செய்யலாமாம். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அப்புறம்தான் கொக்கி. பிள்ளையை மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டு போக வேண்டியது போலீஸ். இல்லை, சர்க்கார் உத்தரவு கொடுத்த ஆள். நான் இரண்டும் இல்லை.

டீச்சர் பார்த்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறதா? இல்லை. டாக்டர் பார்த்தால்? அதுவும் இல்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் தண்டனை? ஒன்றும் இல்லை.

அடுத்தவன் மாடு நம் கம்பங்கொல்லையில் இறங்கினால் ஓட்டிக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைக்கலாம். நீ மாட்டுக்கு என்ன வேணும் என்று யாரும் கேட்பதில்லை. கம்பங்கதிருக்கு இருக்கிற மரியாதை ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இல்லை. நல்லா இருக்கிறது நியாயம். சட்டம் எழுதினவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாதா?

இரவு ரசம் மட்டும். புளி வந்துவிட்டது.

13.8.90, திங்கள்

தகப்பன் லோடு இறக்கிவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்து மண்டிக்கே போனேன். பஞ்சுத் தூசி, இருமல். ஆள்களை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நல்ல மனுசன் மாதிரிதான் இருக்கிறார். அதுதான் எரிச்சல்.

நான் முழுவதும் சொல்லும் வரை தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் டீச்சர். அவ கோவக்காரி. நான் வெளியூர் போறவன், இவளையும் விரட்டிட்டா வீட்டுல யாரு இருக்கா? சத்தம் போடாதீக. பொம்பளப் புள்ள, மேலெல்லாம் சூடுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

தெரியுமாம்! அவளாவது மாற்றாந்தாய். இந்த ஆள் பெற்றவன். நாளைக்குக் கட்டப் போகிறவனுக்காக இன்றைக்குச் சுடுகிறவளைக் காப்பாற்றுகிறார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். வீட்டில் கண்டித்து வைக்கிறேன் என்றார்.

பாவாடை ஆறு முடிந்தது. இரண்டு பாக்கி.

15.8.90, புதன்

காலையில் கொடி. காற்றில் கொடி கிழிந்துவிடும் போல இருந்தது. பஞ்சாயத்து பிரசிடென்ட் பேசினார்: பிள்ளைகள்தான் நாட்டின் செல்வம். எல்லாரும் கை தட்டினார்கள்.

கும்மிக்கு ஏழு பேர்தான். பாட்டு முடியும் சமயம் செல்வி வந்தாள். நான் தைத்த பாவாடை. இடது உள்ளங்கையில் துணிச் சுற்று. மிட்டாயை வலது கையில் வாங்கினாள். தையல் ரூமுக்குக் கூட்டிப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை வெந்து கிடக்கிறது.

தகப்பன் வீட்டில் கண்டித்து வைத்திருக்கிறார். அவர் போனதும் சித்திக்காரி, டீச்சரிடம் காட்டினாயா என்று கேட்டுச் சுட்டிருக்கிறாள். என்னால் வந்த சூடு இது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வாரியா என்று கேட்டேன். வாரேன் என்றாள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என்ன காரியம் செஞ்ச, என்ன காரியம் செஞ்ச என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய் இட்லி வாங்கி வந்தார். பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு, அவரே பிய்த்துச் சட்னியில் தொட்டுக் கொடுத்தார். ஐந்து தின்றாள்.

வாசலில் ஜீப் சத்தம்.

16.8.90, வியாழன்

நேற்றுச் சாயங்காலம் நடந்தது. மறப்பதற்குள் எழுதுகிறேன்.

சித்திக்காரி என் மேல் புகார் கொடுத்த சூட்டோடு சூடாகப் போலீஸ் வந்துவிட்டது. சூடு போட்டதற்கு வராத ஜீப், இட்லி போட்டதற்கு வந்தது. ஸ்டேஷனில் சித்திக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தகப்பன் சுவரோரம் நின்றார். எஸ்.ஐ.யிடம் போன வாரத்துச் சிரிப்பு இல்லை. புள்ளை கடத்தல் டீச்சர், வேலை போயிரும், மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் புள்ளைய விட்டுட்டுப் போங்க, நான் கேசு எழுதல என்றார். பெரிய சலுகை செய்கிற மாதிரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேசு எழுதினால் பிள்ளையை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். யார் நிறுத்துவது? போலீஸ்.

"எழுதுங்க" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் உறைத்துவிட்டது. கோர்ட்டில் பிள்ளை கையைக் காட்டினால், போன வாரம் இந்த அம்மா வந்தபோது நீ என்ன செய்தாய் என்று கேள்வி வரும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், சும்மாவே போங்க என்று இறங்கினார். மாட்டேன் என்றேன். எழுதாமல் இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன்.

வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்களாச்சும் சொல்லுங்க என்றார் எஸ்.ஐ. போச்சு, இந்த மனுசன் இப்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். இருபது வருசமாக யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஆள்.

"எழுதிக்கோங்க சார். என்னையும் சேத்து எழுதுங்க. வீட்டுல வச்சிருந்தது நானுந்தானே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுசனை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்.

புகாரை வாபஸ் வாங்கலாமா என்று தகப்பன் பெண்டாட்டியின் காதில் கேட்டார். அவள் முடியாது என்றாள். என்னை ஜெயிலில் பார்க்கிற ஆசை. நல்ல வேளை, இருந்தது.

நான் முதல் எதிரி, இவர் இரண்டாம் எதிரி. ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். செல்வியை ஒரு பெண் போலீஸ் வீட்டில் வைத்திருந்தார்கள். கடை இன்றைக்குத் திறக்கவில்லை.

17.8.90, வெள்ளி

காற்று நின்று புழுக்கம். கோர்ட்டில் மத்தியானம் வரை நின்றோம். ஸ்கூலிலிருந்து மெமோ வந்திருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. ஹெ.எம். சொல்லி அனுப்பினாராம்: அவசரப்பட்டுட்டீங்களே டீச்சர். சரிதான்.

மாஜிஸ்திரேட் வயசானவர். சித்திக்காரியையும் தகப்பனையும் முதலில் வெளியே அனுப்பினார். எஸ்.ஐ.யையும் அனுப்பினார். என்னை வாசல் பக்கம் நிற்கச் சொன்னார். செல்வியைக் கிட்டத்தில் கூப்பிட்டுக் கையைப் பார்த்தார். பெண் போலீஸ் தொடையைப் பார்த்துச் சொன்னாள், எழுதிக்கொண்டார். எதுக்குச் சுட்டாங்க என்று அவர் கேட்கவில்லை.

"யாரும்மா சுட்டது?"

காமாலை என்று சொல்லிவிடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"சொன்னா, மறுபடி அங்கதான் போகணுமா?"

வேண்டாம் என்றார். மதுரையில் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இடம் இருக்கிறது, இன்றைக்கே அங்கே போகலாம், நான் எழுதித் தருகிறேன் என்றார். நிஜமாவா என்று கேட்டாள். நிஜமாக என்றார்.

அதன் பிறகு நிறுத்தாமல் சொன்னாள். சித்தி என்றாள், கரண்டி என்றாள், சோறு இன்னும் கொஞ்சம் கேட்டதற்கு என்றாள், எந்த எந்தச் சூடு எந்த எந்த நாள் என்று சொன்னாள். எழுதுகிறவருக்குக் கை வலித்திருக்கும்.

ஸ்கூலில் கேட்டோம். ஆஸ்பத்திரியில் கேட்டோம். கேட்டு முடித்து, சாயங்காலம் பையை மாட்டி அந்த வீட்டுக்கே அனுப்பினோம். நானும்தான் அனுப்பினேன்.