டிராக்டருக்கு அடைத்த துணி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே கொழுந்தனார் பழைய இரும்பு வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வியாபாரி டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை ஓர் உதை உதைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணனே சரின்னுட்டாரு அண்ணி. அதைப் பாத்துப் பாத்துத்தானே அவரு இப்படி முடங்கிக் கிடக்கிறாரு."

அதில் பொய் இல்லை. போன வருஷம் வரப்புச் சரிந்து வண்டி கவிழ்ந்ததில் என் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க நடக்கத்தான் பலம் வரும் என்கிறார் டாக்டர். இவரோ கட்டிலுக்கும் ஜன்னலோர நாற்காலிக்கும் நடுவே குடித்தனம் நடத்துகிறார். ஜன்னலுக்கு நேரே கொட்டகை. அதில் இடப்பக்கம் நசுங்கிய டிராக்டர். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, ஓடும். ஆனால் அந்தக் கீறல்களும் நசுங்கலும் இருக்கும் வரைக்கும் இவருக்கு அந்த நாள் முடியாது.

விற்றுவிட்டால் எழுந்து நடப்பாரா? 'இனி எங்கே போக, எதுக்கு நடக்க?' என்பார். எனக்கு இவரைத் தெரியாதா?

"மாசக் கடைசி வரைக்கும் விடுங்க. நான் இதைச் சுரண்டிப் புது பெயின்ட் அடிக்கப் போறேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

கொழுந்தனார் சிரித்தார். "சட்டை தைக்கிற மாதிரி இல்ல அண்ணி இது."

இல்லைதான். பார்த்துவிடலாம்.

மார்ச் 5, வியாழன்

மணல் அடித்துப் பழைய பெயின்ட்டை உரிப்பவரிடம் பேசினேன். 21-ஆம் தேதி மெஷினோடு வருகிறார். அதற்குள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லாமல் கழுவி, ஓட்டை என்று எது இருந்தாலும் அடைத்து வைக்க வேண்டுமாம். "ஒரு கைப்பிடி மணல் உள்ள போச்சுன்னா, அப்புறம் நீங்க எடைக்குத்தான் போடணும்."

இவரிடம் சொன்னேன். "என்னமோ பண்ணு." முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

பேட்டரி, இருக்கை, எஞ்சினை மூடும் பானட், விளக்குகள், இரண்டு மட்கார்டு — எல்லாம் கழற்றியாயிற்று. மகள் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, நான் அதில் தொங்கினேன். ஒரு போல்ட் அசைவேனா என்றது. நானும் விடுவேனா என்று மண்ணெண்ணெய் ஊற்றி, திட்டி, தட்டி, கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தேன். எது எந்தப் பக்கம் என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் தையல் சாக்பீஸால் குறி போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இடுப்பு விட்டுப்போயிற்று. தலைமுடியெல்லாம் டீசல் நாற்றம். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

மெச்சிக்கொண்டது போதும். போல்ட், தகடு, கொக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பளபளவென்று வெயிலில் பரப்பினேன். ஒன்றில்கூடக் குறி இல்லை.

துவைச்சா போகணும்னுதானேடி அந்தச் சாக்பீஸே! இத்தனை வருஷமா தைக்கிறே, இது உறைக்கலையா?

முற்றத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். கொழுந்தனார் சிரித்த சிரிப்பு வேறு காதில்.

அப்போது ஜன்னலிலிருந்து: "நீட்டு போல்ட்டு பின் மட்கார்டுக்கு."

நான் திரும்பவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார்.

"கட்டையா இருக்கே, அது பானட்டுக்கு. வளைஞ்ச தகடு லைட்டுக்கு... அது இல்ல, பக்கத்துல உள்ளது."

ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். இந்தத் தடவை மகளின் நகப்பாலிஷால் குறி. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இறங்கி வந்து காட்டுங்களேன்" என்றேன்.

"மூணு படி இருக்கு." ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவசரக் குடுக்கை நான்.

மார்ச் 18, புதன்

ஓட்டை அடைக்கும் வேலை. பழைய சிவப்புத் திரைச்சீலையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டேன். ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். சிவப்பு என்றால் கண்ணில் படும். சைலன்சர், காற்றுக் குழாய், டீசல் டேங்க் வாய், எண்ணெய் ஊற்றும் இடங்கள் எல்லாம் இறுக்கமாக அடைத்தாயிற்று. மீட்டர், நம்பர் தகடு மேலெல்லாம் டேப். ஓரம் மடித்துத் தைத்த மாதிரி நேர்க்கோடு. இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது.

மார்ச் 20, வெள்ளி

தைத்த துணிகளைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், என் துணிக் கத்தரிக்கோல் இடம் மாறிக் கிடக்கிறது. அதை யாரும் தொடக்கூடாது என்பது இந்த வீட்டின் முதல் சட்டம். மகள் மேல் எரிந்து விழுந்தேன். "சத்தியமா நான் தொடலம்மா" என்றாள். நம்பவில்லை.

மார்ச் 21, சனி

உரித்தாயிற்று. காது அடைக்கும் சத்தம், ஊரெல்லாம் தூசி, கடைசியில் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பாக நின்றது. கீறல் ஒன்றும் தெரியவில்லை. ஈரம் பட்டால் துருவேறும் என்பதால், நிமிர்த்த வேண்டிய மட்கார்டைத் தவிர மற்றதற்கெல்லாம் மணல்காரரே ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு ஒரு கோட்டும் அடித்துத் தந்துவிடுவதாகச் சொன்னார்.

அதற்கு முன்னால் சிவப்புத் துணிகளை உருவிக்கொண்டிருந்தேன். இருக்கை இருந்த இடத்துக்குக் கீழே குனிந்து பார்த்த மணல்காரர் கூப்பிட்டார். "இதை யாரு அடைச்சது? நல்ல விவரமான ஆளு. இது கியர்பாக்ஸ் மூச்சு விடுற ஓட்டை. மூடி உடைஞ்சிருக்கு பாருங்க. இதை விட்டிருந்தா அத்தனை மணலும் கியர்பாக்ஸுக்குள்ளதான்."

அந்த ஓட்டையை நான் பார்க்கவே இல்லை.

அவர் கையில் இருந்தது சிவப்புத் துணி இல்லை. நீலக் கட்டம்.

நான் தைத்த சட்டை. வண்டி கவிழ்ந்த அன்றைக்கு இவர் போட்டிருந்தது. எரித்துவிடு என்றார், மனசு வராமல் கழிவுத் துணிப் பையின் அடியில் போட்டு வைத்திருந்தேன். கோணல்மாணலாக வெட்டியிருக்கிறது. கத்தரிக்கோல்!

"நான்தான் அடைச்சேன்" என்று மணல்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மூணு படி இறங்கி, முற்றம் தாண்டி, குனிஞ்சு... எப்படி வந்தாரு? தடுக்கி விழுந்திருந்தா யாரு தூக்கறது? எனக்குத் தெரியாம வந்திருக்காரே மனுஷன்! அழுகையும் வருது, நாலு திட்டு திட்டணும்னும் வருது. ரெண்டையும் செய்யலை. உள்ளே போய், "சாப்பிடலாமா?"ன்னு மட்டும் கேட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். நகப்பாலிஷுக்கும் சேர்த்துக் கேட்கச் சொன்னாள்.

மதியம் சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன்: "நசுங்கின மட்கார்டை நிமிர்த்த எனக்குத் தெரியலை. சுத்தியலே கைக்கு அடங்க மாட்டேங்குது." இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும் நிறுத்திக்கொண்டேன். ஒரு தடவை பட்டது போதும்.

மார்ச் 25, புதன்

கடைக்குப் போவதாகச் சொல்லி, வேண்டுமென்றே வெகுநேரம் சுற்றிவிட்டு வந்தேன். மட்கார்டு பாதி நிமிர்ந்திருந்தது. இவர் நாற்காலியில் அப்பாவியாக உட்கார்ந்திருந்தார், சட்டைக் கையெல்லாம் துரு. நான் எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

கடைக்குப் போனேன்.

மார்ச் 27, வெள்ளி

இன்றும். கடைக்காரம்மா "வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டுவிட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

சொன்னபடி கொழுந்தனார் வியாபாரியோடு வந்தார். நான் உள்ளே தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கொட்டகைப் பக்கம் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சண்டை போடலாம் என்று மெஷின் ஊசியைத் தூக்கி நிறுத்தினேன்.

அதற்குள் கொட்டகையிலிருந்து ஒரு அதட்டல்: "யாருப்பா அது? தள்ளி நில்லு! மட்கார்டுக்கு இப்பத்தான் ப்ரைமர் அடிச்சிருக்கேன், ஈரம் காயலை."

கொழுந்தனார் மெதுவாக, "அண்ணே..." என்றார்.

"வந்ததுதான் வந்தே, அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு. கால் வலிக்குது."

நான் போகவில்லை. ஊசியை இறக்கி மறுபடி தைக்க ஆரம்பித்தேன். மெஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று, மெதுவாகத்தான் மிதித்தேன்.