உன்னைக் கேட்ட கேள்வி

போன வாரம் அம்பத்தூர் நாட்டு மருந்துக் கடைக்குக் கஸ்தூரி மஞ்சள் வாங்கப் போனேன். கடைக்காரர் அதிமதுரம் இடித்துக்கொண்டிருந்தார். அந்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடியவில்லை. "இன்னா வேணும்மா?" என்று அவர் கேட்கக் கேட்க, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இந்த வாசனை வந்தால் மட்டும் நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று தோன்றித் தொலைக்கிறது.

பதினாறு வருடம் ஆவடி சீருடை ஃபாக்டரியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷின். சீருடைக்குக் காலர் நான் தைப்பேன், கை நீ தைப்பாய். நீ தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். நான் சென்னை பாடியிலேயே பிறந்து வளர்ந்தவள். நீ பத்து வார்த்தை பேசுவதற்குள் நான் நூறு பேசிவிடுவேன். உனக்கு லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் நான் போய்க் கேட்பேன். ரேஷன் கடையில் உனக்காக நான் சண்டை போடுவேன். "நீ கம்முனு இருடி, நான் பேசிக்கிறேன்" என்பேன். "சரிட்டி, நீயே பேசு" என்று நீ சிரிப்பாய். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

நெஞ்சரிப்பு முதலில் வந்தது எனக்குத்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு மெஷினில் குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். மாத்திரை போட்டுப் போட்டு அலுத்துப்போய்க் காட்டுப்பாக்கத்தில் ஒரு அக்குபங்சர் அம்மாவிடம் போனேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு ஊசி, முழங்காலுக்குக் கீழே ஒன்று, தொப்புளுக்கு மேலே ஒன்று. கூடவே அதிமதுரம், சீரகம், நெல்லிமுள்ளி சேர்த்த பொடி. காபி கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். ஊசியோ, பொடியோ, காபியை விட்டதோ, எது கேட்டதென்று தெரியாது. இரண்டே மாதத்தில் எரிச்சல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? யார் ஏப்பம் விட்டாலும் காட்டுப்பாக்கத்துக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் ஒருநாள் நீயும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எனக்கும் ஒரு மாதிரி கரிச்சுட்டு வருதுட்டி" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உன்னை இழுத்துக்கொண்டு போனேன். பூந்தமல்லியில் பஸ் மாறும்போதெல்லாம் எங்கே குத்துவார்கள், வலிக்குமா, வலிக்காதா என்று நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்த்து நிதானமாகத்தான் கேட்டார்கள். "சாப்பாடு இறங்கும்போது எங்கயாவது அடைக்குதா? உடம்பு இளைச்சிருக்கா? மலம் கறுப்பா போகுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் முதல்ல ஆஸ்பத்திரியில ட்யூப் விட்டுப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் நான் ஊசி போடுறேன்."

"அய்ய, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா. வெறும் கேஸ்தான். எனக்கு இருந்த அதே பிரச்சினைதான் இவளுக்கும்" என்றேன் நான்.

அவர்கள் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினாய். ஊசி போட்டார்கள், அதே அதிமதுரப் பொடியும் கொடுத்தார்கள்.

உனக்கும் எரிச்சல் குறைந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பத்தியம் என்று சொல்லி மதியத்துக்குக் கஞ்சியும் மோரும் கொண்டு வந்தாய். சோறு இறங்காததால்தான் கஞ்சி குடிக்கிறாய் என்று யாருக்குத் தெரியும்? 'பத்தியம்னா இவளைப் போல இருக்கணும்' என்று எல்லாரிடமும் உன்னைக் காட்டினேன். நீ இளைத்தாய். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. பக்கத்துக்கு அரை இஞ்ச் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு அரை இஞ்ச். டேப்பை உன் மார்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "கல்யாணப் பொண்ணு கணக்கா ஆயிட்டடி, நானுந்தான் கீறேன் பாரு பீப்பா மாதிரி" என்று கிண்டல் செய்தேன். தையல்காரி நான். உடம்பு கரைகிற கணக்கு என் கையில் இருந்தது, எனக்கு உறைக்கவில்லை.

நசரத்பேட்டை மண்டபத்தில் நம் செக்‌ஷன்காரி மகளின் நிச்சயதார்த்தம். இலையில் உட்கார்ந்து ஒரு விள்ளல் இட்லி வாயில் போட்டாய். கண் பிதுங்கியது. கை கழுவுமிடத்துக்கு ஓடினாய். நான் பின்னால் வந்து முதுகைத் தடவியபோது முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ட்யூப் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. முக்கால்வாசி அடைத்துவிட்டது என்றார்கள். "எவ்வளவு நாளா அடைக்குது?" என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கு நீயே பதில் சொன்னாய். "ஒரு எட்டு மாசமா இருக்கும் சார்." நாம் காட்டுப்பாக்கம் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உன்னிடம் கேட்டேன். "ஏன்டி, அப்பவே அடைச்சிதா? அந்தம்மா கேட்டாங்களே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீதான் இல்லன்னு சொல்லிட்டியே. பெறவு நான் அடைக்குன்னு சொன்னா, அவுக முன்னால உனக்கு ஒரு மாதிரி ஆயிராதா?" என்றாய். பிறகு, "நீ சொன்னதே நெசமா இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன்ட்டி" என்றாய். என்னைத் திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய், பாவி.

நாலு மாதம் இருந்தாய். கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. காரியத்தன்று உன் வீட்டுக்காரர் எல்லார் எதிரிலும், "இந்தத் தங்கச்சிதான் என் பொஞ்சாதியக் கைபுடிச்சு வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு, கூடப் பொறந்தவகூட இப்பிடிச் செய்ய மாட்டா" என்று கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

நேற்று உன் மகள் வந்திருந்தாள். கம்ப்யூட்டர் வேலை, வேளாவேளைக்குச் சாப்பாடு கிடையாது. "நெஞ்சு எரியுது ஆன்ட்டி. அம்மாவைக் கூட்டிட்டுப் போனீங்களே, அங்க என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, அம்மாவுக்கு வந்ததைச் சொல்லி ட்யூப் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேள், நீயே வாய் திறந்து கேள் என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன். அந்த அம்மா கேட்டதை, நான் சொன்ன பதிலை, பெஞ்சில் நீ சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா அப்ப ஏதாவது சொல்ல வந்தாங்களா ஆன்ட்டி?"

"நான் கவனிக்கலடா" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். வாசல்வரை போனேன், திரும்பிப் பார்க்கவில்லை.

அது பொய்யடி. நான் கவனித்தேன். அந்த அம்மா கேட்டு முடிப்பதற்குள் உன் கை தொண்டைக்குப் போனது. "ஆமா" என்று சொல்ல உதடு பிரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் முந்திக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே, நான் சொன்ன வைத்தியம் உனக்கு இல்லாமல் போய்விடுமே என்கிற வீம்பு. உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னவளுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.