இடதுபக்கம் ஸ்க்ரீன்

செப்டம்பர் 6, சனி

இன்று அம்மாவிடம் சொல்லாதது: அந்தப் பெண் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

கூடைப்பந்து ஆட்டத்தின் இரண்டாம் பாதி. எங்கள் கல்லூரிப் பெண்கள் வழக்கம்போல ஸோன் போட்டிருந்தார்கள். முன்னால் இருவர், பின்னால் மூவர். எதிராளியைத் துரத்தாமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது. எதிரணியின் சிவப்புத் தலைப்பட்டைக்காரி இடது மூலையில் பந்தை வாங்கினாள். நம் குட்டைப்பெண் இரண்டு கைகளையும் தூக்கி அவள் முகத்துக்கு நேராக நின்றாள். அதையும் மீறி எதிரணிக்காரி எறிந்தாள், கூடையில் விழுந்தது. நல்ல எறி. யார்மேலும் தப்பில்லை.

அம்மா எழுந்து கத்தினாள். "மூலையில ஒரு ஈ காக்கா இல்ல! சத்திரம் மாதிரி திறந்து போட்டிருக்காளுங்க!"

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் வரிசையில் உட்காரும் கணக்கு சார் மெதுவாகத் திரும்பினார். "ஆள் இருந்தாளேம்மா."

"எங்க இருந்தா? உங்க கணக்குல இருந்திருப்பா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அந்த மூலையில் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போன வருஷம் இதே அம்மா ஸோனுக்காக உயிரை விட்டவள். இந்தக் கல்லூரிக்கே ஒருகாலத்தில் பந்தை நடத்திக்கொண்டுபோகும் கார்டாக ஆடியவள். அவர்கள் அணி ஸோன் போட்டுத்தான் கோப்பை வாங்கியது. கணக்கு சாருக்கும் அம்மாவுக்கும் பேச்சு ஒத்துப்போகும் ஒரே விஷயம் அதுதான். இந்த வருஷம் திடீரென்று "ஆளுக்கு ஆள்" என்கிறாள். ஒவ்வொருத்தியும் ஒருத்தியை மட்டும் பிடித்துக்கொண்டு விடாமல் திரிய வேண்டும் என்கிறாள்.

வயசானால் பிடிவாதம் கூடும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். (அவர் எங்கள் வரிசையின் மூன்றாவது தூண். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க ஓடிவருகிறவர்.)

பிடிவாதம் கூடும், சரி. கட்சி மாறுமா?

செப்டம்பர் 9, செவ்வாய்

காரின் இடது கதவில் நீளமாக ஒரு கீறல். கேட் தூண் உரசிவிட்டதாம்.

"தூண் எப்படிம்மா வந்து உரசும்?"

"அதைத் தூண்கிட்ட கேளு."

ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். இருபது வருஷமாக அந்த கேட்டுக்குள் பின்னோக்கி வந்து நிறுத்துகிறவள். அவள் பெண்ணான எனக்கு மட்டும் ஓட்டத் தெரியாது என்பது டிரைவிங் ஸ்கூலில் நிரந்தர நகைச்சுவை. பஸ்ஸும் புத்தகமும் இருக்கும்போது கார் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

ஜெயித்தோம், தட்டுத்தடுமாறி. ஆட்டம் முடிந்தும் எங்கள் வரிசை கலையவில்லை. கணக்கு சார் பெஞ்சின் மேல் வேர்க்கடலையை வைத்து ஸோனை விளக்கினார். முன்னால் இரண்டு கடலை, பின்னால் மூன்று. மருந்துக்கடைக்காரர் காலியான மாத்திரை அட்டையை எதிரணிக் கூடையாக வைத்தார்.

"இப்ப பந்து இங்க வருது. நீங்க நகர்த்துங்க பார்ப்போம்," என்றார் சார்.

அம்மா நகர்த்தினாள். வேகமாக, சரியாக. நடுவில் இருந்த மூன்றை மட்டும். ஓரத்தில் இருந்த இரண்டு கடலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"ஓரத்து ரெண்டு பேரும் லீவா?"

அம்மா ஒரு கணம் பெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, இரண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அவளுங்க ஃபவுல் அவுட். வெளிய போயாச்சு."

சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடலையைப் பார்க்க ஒருத்தி தலையைத் திருப்புவாளா?

கீழே போகும்போது கோச்சைப் பிடித்து, "ஆளுக்கு ஆள் போட்டுப் பாருடி," என்றாள். கோச் அம்மாவுக்கு ஜூனியராக ஆடியவள். எங்கள் வரிசை அவளுக்கு வைத்த பெயர் விசில். "அக்கா சொன்னா சரிதான்," என்று தலையாட்டினாள். அம்மா சொன்னால் இந்த ஊரில் பாதிப்பேர் தலையாட்டுவார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காபியை அவள் இடதுபக்கமாக நீட்டினேன். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். "அட, எப்ப வந்த? பூனை மாதிரி நடக்கிற," என்று வாங்கிக்கொண்டாள்.

பெற்ற தாயை வேவு பார்க்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

அம்மாவிடம் ஓட்டப் பழகும் நர்ஸ் இன்று நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஏதோ புத்தகம் கேட்பதுபோலத் தொடங்கினாள்.

"உங்கம்மா நல்லா சொல்லித் தர்றாங்க. இன்னிக்கு என்னை டெஸ்ட் பண்ணாங்க போல."

"என்ன டெஸ்ட்?"

இடது சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. அம்மா பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. எப்போதும் இவளுக்கு முன்னால் அம்மா கால்தான் மிதிக்கும். இன்று மிதிக்கவில்லை. இவள்தான் மிதித்தாள். சைக்கிள்காரர் கையை ஓங்கித் திட்டிவிட்டுப் போனார். "வேணும்னுதான் விட்டேன், நீ மிதிக்கிறியான்னு பாக்கத்தான்" என்றாளாம் அம்மா.

"ஆனா அப்புறம் மேடம் வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதான் உங்ககிட்ட..." என்றாள். புத்தகம் எதுவும் வாங்காமல் போனாள்.

யார் ஓட்டும் வண்டியில் ஏறினாலும் அம்மா தூங்கமாட்டாள். பஸ்ஸில் போனாலும் அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அப்பா உயிரோடு இருந்தபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கால் இன்று சும்மா இருந்திருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

மதியம் நூலகத்து மருத்துவ அலமாரியின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் ஒரு நோய். வலி கிடையாது. இருட்டாகவும் தெரியாதாம். காணாமல் போன இடத்தை மூளையே ஏதோ போட்டு மூடிவிடுமாம். அதனால் போனது போனதாகவே தெரியாது. ஆள் நிற்கிற மூலை காலி மூலையாகத் தெரியும்.

போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் பேசாமலிருக்கும் ஒவ்வொரு நாளும்...

சொன்னால் அவள் வேலை போய்விடும். வேலை என்றா எழுதினேன்? அம்மாவிடமிருந்து ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அப்பா போன பதினைந்தாம் நாள் "வண்டியில உட்கார்ந்தாத்தான்டி மூச்சு வருது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவள்.

நூலகச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெண்கள் ஆடும் ஜிம். சாயங்காலம் பூராவும் பந்து தட்டும் சத்தம்.

செப்டம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விசில் அம்மா பேச்சைக் கேட்டு ஆளுக்கு ஆள் போட்டாள். முதல் பாதி நன்றாகத்தான் போனது. அம்மா கணக்கு சாரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் பாதியில் எதிரணி ஸ்க்ரீன் வைக்கத் தொடங்கியது. நம் பெண் தன் ஆளையே பார்த்தபடி ஓடும்போது, அவர்களில் ஒருத்தி அவள் வழியில் சுவர்போல வந்து அசையாமல் நிற்பது. ஓடுகிறவளுக்கு அது தெரியாது, தெரியவும் வழியில்லை. பின்னால் இருக்கும் நம் ஆள்தான் "இடதுபக்கம் ஸ்க்ரீன்!" என்று கத்த வேண்டும். யாரும் கத்தவில்லை. நம் குட்டைப்பெண் முழு வேகத்தில் போய் மோதி விழுந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பின்னாடி நிக்கிறவ என்னடி பண்ற? பாத்துட்டுத்தானே நிக்கிற! வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு? அவளுக்கு எப்படித் தெரியும்? நீதானே சொல்லணும்!"

அந்தப் பெண்ணுக்குச் சொன்னது. எனக்குத்தான் கேட்டது.

பெரிய தோல்வி. யாரும் கடலை வாங்கவில்லை. கணக்கு சார்கூட குத்திக்காட்டாமல், "தோள் சரியாயிடும்மா, சின்ன அடிதான்," என்றார். அம்மா காருக்கு வந்தாள். சாவியைப் போட்டாள்.

நான் அவள் கை மேல் கை வைத்தேன்.

"இடதுபக்கம் ஸ்க்ரீன், அம்மா."

"என்ன?"

"உனக்கு இடதுபக்கம் தெரியல. வலதுபக்கமும் கொஞ்சம் போயிருக்குன்னு நினைக்கிறேன். மூலையில அன்னிக்கு ஆள் இருந்தா. கடலை, கேட் தூண், சைக்கிள்... நீ வண்டியை எடுக்காதம்மா. ப்ளீஸ்."

திட்டுவாள் என்று இருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மறு கையை இறக்கினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா வாயில பூட்டுப் போட்டுக்கிட்டு நின்னியா? ஊமைக்கோட்டான்." அப்புறம் மெல்ல, "எனக்கு அதுக்கும் முன்னாடியே ஒரு சந்தேகம்டி. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கவே பயமா இருந்துச்சு," என்றாள்.

"அதனாலதான் ஆளுக்கு ஆளா?"

"ஒருத்தியை மட்டும் பாத்தா போதும்ல. அது எனக்குத் தெரியுது." மூக்கை உறிஞ்சினாள். "என் கண்ணை வச்சு அந்தப் பொண்ணு தோளை உடைச்சிட்டேனே."

சாவியை எடுத்து என் மடியில் போட்டாள். கார் அங்கேயே நிற்கிறது. நடந்து வந்தோம். நான் அவள் இடதுபக்கம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாயங்காலம் அம்மா என் அறை வாசலில் வந்து நின்று, "ஆஸ்பத்திரியில டைம் நீ கேட்டுச் சொல்றியா, நான் கேக்கவா?" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, புதன்

கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே குட்டிக் குட்டியாக வெளிச்சம் வரும். வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அம்மா டக் டக்கென்று அழுத்தினாள், பந்தயத்துக்குப் போனவள்போல. அப்புறம் சத்தம் நின்றது. நிறைய நேரம்.

"மெஷின் நின்னு போச்சாம்மா?" என்று அந்தப் பரிசோதனைப் பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு. நேரா பாருங்க."

அம்மா நேராகப் பார்த்தாள். பொத்தானின் மேல் கட்டைவிரல் தயாராக இருந்தது. வெளிச்சம் எங்கேயோ வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

நான் படித்த அதே நோய்தான். ஆயுளுக்கும் சொட்டுமருந்து. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிவைக்கலாம் என்கிறார் டாக்டர்; நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார். ஓட்டவும் கூடாது, ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்குக்குப் பொறுப்பேற்கவும் கூடாது.

"நடக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"தாராளமா."

"கத்தலாம்ல?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 27, சனி

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிவிட்டாள். சாலை விதி வகுப்பை மட்டும் எடுக்கச் சொன்னார்களாம். "கரும்பலகை நேரா முன்னாடி இருக்கும்ல, தெரியும்," என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். சில சமயம் பேசாமலிருப்பதும் சரிதான். எது எப்போது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அக்டோபர் 11, சனி

ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் யாருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே சொன்னாள், உட்கார்ந்ததும். "எனக்கு ஓரக்கண்ணு போச்சு. யாரும் பாவம்னு பாத்தீங்க, எழுந்து போயிடுவேன்."

கணக்கு சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம், "அப்ப இத்தனை நாள் என்கூட சண்டை போட்டது நீங்க இல்ல, உங்க கண்ணு," என்றார்.

"சண்டை நான்தான். கண்ணு சும்மா சாட்சி."

முதல் வாரம் பார்த்த அதே அணியோடு ஆட்டம் தொடங்கியது. அம்மா முன்னால் குனிந்து பந்தையே பார்த்தாள். முகம் இறுகியிருந்தது. சார் யாரிடமோ சொல்வதுபோல, "இடது மூலையில சிவப்புப்பட்டை," என்றார். சற்றுப் பொறுத்து மருந்துக்கடைக்காரர், "வலதுபக்கம் ரெண்டு பேர் இறங்கறாங்க அக்கா." அம்மா பந்தைப் பார்த்தபடியே, "குட்டை எங்க?" என்று கேட்டாள்.

"பெஞ்சுல. தோள் ஆறிடுச்சு, அடுத்த வாரம் ஆடறாளாம்," என்றேன் நான்.

என் கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

நர்ஸ் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நான் பழகச் சேர்ந்திருக்கிறேன், வேறொரு மாஸ்டரிடம். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் இரண்டாவது வகுப்பு. "கண்ணாடியைப் பாத்தா மட்டும் போதாது. பாத்ததை வாயால சொல்லு. எனக்குக் கேக்கணும்." டைனிங் டேபிளில் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: இடதுபக்கம் சைக்கிள், வலதுபக்கம் காலி, பின்னால் லாரி. எங்கள் வீட்டில் நான் இவ்வளவு பேசியதே இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

டெஸ்டில் ஃபெயில். பின்னோக்கி வரும்போது தூணில் இடித்தேன்.

"தூண்தான் வந்து உரசியிருக்கும்," என்றாள் அம்மா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 14, சனி

கடைசி ஆட்டம், வெளியூரில். லைசென்ஸ் வந்த பிறகு முதல் நீண்ட பயணம். கணக்கு சாரும் மருந்துக்கடைக்காரரும் பின் சீட்டில், சாமி கும்பிடுகிற முகத்தோடு. நான் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அம்மாவின் வலது கால் வழி முழுக்க மிதித்துக்கொண்டே வந்தது.

மூன்றாம் கால்பகுதியில் பின்தங்கியிருந்தோம். சார் இடதுபக்கத்தைச் சொல்ல, மருந்துக்கடைக்காரர் வலதுபக்கத்தைச் சொல்ல, அம்மா கண்ணை மூடி எதையோ அடுக்கிப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

"விசில்! ஸோன் போடுடி!"

சார் என்னைப் பார்த்தார். நான் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டேன். விசில் கையால் சைகை காட்டினாள். முன்னால் இருவர், பின்னால் மூவர். மூலையில் குட்டைப்பெண் கையைத் தூக்கி நின்றாள்.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

திரும்பும்போது மழை. நான்தான் ஓட்டினேன். அம்மா கொஞ்ச தூரம் விசிலைத் திட்டினாள், அப்புறம் நடுவரை. பிறகு தூங்கிவிட்டாள்.